செத்தலுக்குப் பட்ட சூடு

புஷ்பமலரின் தாய் யாழ்ப்பாணத்தில் இறந்த செய்தி ஒரு சனிக்கிழமை காலையில் ஒஸ்லோவுக்கு வந்தது. தொலைபேசியை எடுத்தவர் அவளுடைய கணவர் சபாரத்தினம். அன்று மதியம் வீட்டில் விருந்து. புஷ்பமலர் சமைத்தாள், பரிமாறினாள், வந்தவர்களோடு சிரித்துக் கதைத்தாள். கடைசி விருந்தாளி சப்பாத்தை மாட்டிக்கொண்டு போன பிறகுதான் சபாரத்தினம் விஷயத்தைச் சொன்னார். முன்னமே சொல்லியிருந்தால் சமையல் கெட்டிருக்கும் என்று காரணமும் சொன்னார்.

அவர் கை நீட்டுகிறவர் அல்ல. அவர்கள் குடியிருந்த ஸ்தொவ்னர் பகுதியில் அவர்களைத் தெரிந்தவர்கள் அவரை அமைதியான மனிதர் என்பார்கள். ஆனால் புஷ்பமலர் ஒன்றை விரும்புகிறாள் என்று தெரிந்தால், அது கொஞ்ச நாளில் அந்த வீட்டில் இருக்காது. அவள் சட்டியில் வளர்த்த கறிவேப்பிலைக் கன்று ஒரு தை மாதத்தில் பல்கணிக்குப் போய், உறைபனியில் கருகியது. காற்றுப் படட்டும் என்று வைத்தாராம். கோயிலில் பஜனை பாடப் போகத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன்னால் அவள் குரலில் பாடிக் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அவள் பாட்டை விட்டாள். லோறென்ஸ்கூக்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. பேருந்தில் போய் வரும் நேரம் மட்டும் அவளுடையதாக இருந்தது.

ஒரே மகள் ஹம்சத்வனிக்குத் தொலைவில் துரொண்ட்ஹெய்ம் நகரில் படிக்க இடம் கிடைத்தது. அங்கே அவள் எடுத்த அறையில் பிராணிகள் வைத்திருக்க விடமாட்டார்கள். அதனால் அவளுடைய பாம்பு தாயின் பொறுப்புக்கு வந்தது. செம்மஞ்சள் நிறம், விஷமில்லாத இனம். ஊரில் செத்தல் என்று சொல்லும் காய்ந்த மிளகாயின் நிறம் என்பதால், அதற்கு மகள் அந்தப் பெயரையே வைத்திருந்தாள்.

புஷ்பமலருக்குப் பாம்பென்றால் பயம். போவதற்கு முதல் ஹம்சத்வனி அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்திப் பழக்கினாள். பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் மின்சாரச் சூட்டுப் பாய் இருந்தது. மற்றப் பாதி குளிர்ச்சியானது. தெர்மோஸ்டாட்டிலிருந்து வரும், சூட்டை உணரும் வயரின் நுனி, பாய்க்கு மேலுள்ள தரையில் ஒட்டப்பட்டிருந்தது. அந்த இடம் முப்பது பாகைக்கு வந்ததும் தெர்மோஸ்டாட் பாயை நிறுத்தும். ஆறினால் திரும்பப் போடும்.

"அம்மா, இதால தன்ர உடம்பைத் தானே சூடாக்கேலாது," என்று மகள் சொன்னாள். "சூடு வேணுமெண்டால் இஞ்சால வரும், காணுமெண்டால் அங்கால போகும். ஆனா அடியிலயிருந்து கூடுதலாச் சுட்டால் அதுக்கு வடிவா விளங்காது. வெந்தாலும் அதிலயே கிடக்கும். வயர் நுனி அசையாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

முதலில் மகளுக்காகப் பார்த்தாள். பிறகு தனக்காகவே பார்த்தாள். வேலைக்குப் போகுமுன் பெட்டிக்குள் இருந்த வெப்பமானியைப் பார்ப்பாள், தண்ணீர் மாற்றுவாள். மார்கழிக்குள் செத்தலைக் கையில் எடுக்கப் பழகிவிட்டாள். அது முழங்கையைச் சுற்றிக்கொண்டு அவளுடைய சூட்டை வாங்கியபடி அசையாமல் கிடக்கும். சலவைப் பகுதியில் நடந்ததையெல்லாம் அதற்குச் சொல்வாள். சில நேரம் தானே சொல்லித் தானே சிரிப்பாள். அந்த வீட்டில் அவளுடைய சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

ஒருநாள் ஹம்சத்வனி தொலைபேசியில் கதைத்தபோது சபாரத்தினம் தானாக வாங்கிப் பேசினார். பாம்பைப் பற்றி விசாரித்தார். சூடு எப்படி நிற்கிறது, அந்த வயர் வெளியே வந்தால் என்னவாகும் என்று கேட்டார். அப்பா அக்கறையாகக் கேட்கிறாரே என்று மகளுக்குச் சந்தோஷம். நுனி வெளியே கிடந்தால் அறையின் குளிர்தான் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியும், பெட்டி குளிர்கிறது என்று எண்ணி அது பாயை நிறுத்தாமல் சூடாக்கும் என்று விளக்கினாள். பக்கத்தில் நின்ற புஷ்பமலருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் அவள் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது தீய்ந்த மணம் அடித்தது. பெட்டி இருந்த அறையின் ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. வயரின் நுனி ஜன்னல் விளிம்பில், பனிக்காற்றில் தொங்கியது. செத்தல் சூட்டுப் பக்கத்து மரப்பட்டைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. அவள் தூக்கினாள். வயிற்றுச் செதில்களில் ஒரு பகுதி கண்ணாடியோடு ஒட்டி நின்றுவிட்டது.

மின்சாரத்தை நிறுத்தி, ஈரத்துணியில் பாம்பைச் சுற்றி, மேலங்கிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினாள். சபாரத்தினம் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

ஆன்ட்ரியாஸ் என்ற அந்த வைத்தியர் இளம் வயதுக்காரர். காயம் ஆழம், கிருமி ஏறாவிட்டால் பிழைக்கலாம் என்றார். வயர் எப்படிக் கழன்றது என்று கேட்டார். துப்புரவாக்கும்போது தான்தான் கழற்றிவிட்டதாகப் புஷ்பமலர் சொன்னாள். வீட்டில் நடப்பதை வெளியே சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வயரை அசையாதபடி பூட்டியிருக்க வேண்டும், சூடு மிஞ்சினால் பாயைத் தானாக அணைக்கும் இரண்டாவது கருவி ஒன்றும் வைத்திருக்க வேண்டும், வீடே எரிந்திருக்கும் என்று அவர் கடிந்துகொண்டார். அவள் தலையாட்டினாள்.

மகளிடமும் அதே பொய்யைச் சொன்னாள்.

"ஒரு வயரைக் கூட உங்களால பாத்துக்கொள்ள ஏலாதா அம்மா?" என்று கேட்டாள் ஹம்சத்வனி. அதன் பிறகு வெகுநாள் தொலைபேசி எடுக்கவில்லை. சபாரத்தினம் பக்கத்தில் இருந்து கேட்டபடியே இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார்.

தினமும் மருந்து பூசினாள். பெட்டியின் தரையில் வெறும் காகிதம் விரித்து, நனைய நனைய மாற்றினாள். செத்தல் சாப்பிடவில்லை. புண் பழுத்து நாற ஆரம்பித்தது. சித்திரையில் ஆன்ட்ரியாஸ் ஊசி போட்டு அதை முடித்துவைத்தார். வெறும் கையோடு வீட்டுக்கு வந்தவள், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகக் கணவரிடம் ஏன் என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ அதோட கதைச்சுச் சிரிக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை," என்றார்.

சபாரத்தினத்துக்கு நீண்ட காலமாக நீரிழிவு. பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது. ஆணி குத்தினாலும் தெரியாது. குளிர்காலத்தில் கதிரையை ஜன்னலடியில் இருக்கும் ஹீட்டருக்குப் பக்கத்தில் இழுத்து, பாதங்களை அதன்மேல் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போவார். இத்தனை வருடமும் கதிரையைப் பின்னால் இழுத்துவிட்டவள் புஷ்பமலர்தான். தூக்கம் கெட்டது என்று அதற்கும் ஏச்சு வாங்கியிருக்கிறாள்.

அடுத்த குளிர்காலத்தில், பின்னேர வேலைக்குப் புறப்படும்போது அவர் அப்படித் தூங்குவதைக் கண்டாள். இரண்டு பாதங்களும் ஹீட்டரில் அழுந்தியிருந்தன. வலது பாதத்தின் விளிம்பு சிவந்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மேலங்கியைப் போட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பேருந்துக்கு நடந்தாள். பேருந்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. வேலையில் துணிகளை மடித்தாள். வழக்கம்போல விளிம்புகள் நேராக இருந்தன.

கொப்புளங்கள் புண்ணாகின. ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். அது நிற்கவில்லை. பிறகு வலது பாதத்தையே எடுத்தார்கள்.

கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டார். "போகேக்க என்னைக் கண்டனீ, என்ன?"

"ஓம். கண்டனான்," என்றாள் புஷ்பமலர்.

அவர் மகளை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னார். பாம்பு விஷயத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஹம்சத்வனி தாயைப் பார்த்து உண்மையா என்று கேட்டாள். தாய் மறுக்கவில்லை. அந்தப் பெண் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு பேரும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் துரொண்ட்ஹெய்முக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளுடைய பிறந்தநாளுக்குத் தாய் அனுப்பும் செய்திக்கு மட்டும் நன்றி என்று ஒரு சொல் வரும்.

புஷ்பமலர் அவரை விட்டுப் போகவில்லை. போவதற்கு இடமும் இல்லை, இப்போது போக விருப்பமும் இல்லை. வேலையால் வந்து சமைக்கிறாள், புண்ணுக்கு மருந்து கட்டுகிறாள். மற்றக் காலைக் கழுவ வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவருக்கு அதன் சூடு தெரியாது. அவள் கையை விட்டுப் பார்த்து, சரி, வையுங்கோ என்பாள். சபாரத்தினம் காலைத் தூக்கியபடி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நாட்களில் காலை இறக்காமல், நீர் ஆறும்வரை அப்படியே இருப்பார்.