தறி ஓடும்போது பிடிக்காத கீல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மதுரையில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டராக இருந்தபோது, முதலாளியிடம் ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி, "நாளைக்கே சொந்தப் பட்டறை போட்டுக் காட்டுதேன், பாரும்" என்று சவடால் அடித்துவிட்டு சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் மாதமே பெரிய வேலை ஒன்று கிடைத்தது. முப்பது விசைத்தறி ஓட்டிய ஓர் அண்ணாச்சி தறிக்கூடத்தை ஒட்டிப் புது வீடு கட்டியிருந்தார். அதற்கு இரட்டைக் கதவு வைத்த இரும்புக் கேட்டு.

கேட்டைப் பட்டறையில் வைத்தே செய்தேன். தூணில் பதித்திருந்த தகட்டோடு கீல்களைப் பற்றவைக்கிற வேலையை மட்டும் அவர் வாசலில், அவர் வீட்டுக் கரண்டில் முடித்தேன். மூன்றாம் நாள் பால்காரர் அதன்மேல் சைக்கிளைச் சாத்தினார். ஒரு கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது. ஆள் தப்பினார், பால் தப்பவில்லை. தெருவே கூடிவிட்டது.

"ஏன் வே, கேட்டைப் பத்த வச்சீரா, சோத்துப் பருக்கை வச்சு ஒட்டுனீரா?" என்றார் அண்ணாச்சி. "வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுதேன். சொந்தக்காரன் பூரா வருவான். அன்னைக்கும் விழுந்துச்சுன்னா இந்த ஊர்ல ஒரு பய உம்மகிட்ட வேலை தர மாட்டான்."

அவர் சொன்னது நிஜம். அப்படி ஆனால் வெல்டிங் மிஷினை விற்றுவிட்டு மதுரைக்குப் போய் அதே முதலாளி முன்னால் கைகட்டி நிற்கவேண்டும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெயர்ந்த கீலைப் பார்த்தேன். பற்று இரும்புக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது. வெல்டிங் ராடு ஈரம் குடித்திருக்கும் என்று கட்டு முழுவதையும் மொட்டைமாடியில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் காயப்போட்டேன். "சாயங்காலம் எதை எண்ணெயில போடணும்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி. பெயிண்ட்டைச் சுரண்டி எர்த் கிளிப்பை வெறும் இரும்பில் மாட்டிப் பார்த்தேன். மிஷினில் கரண்டைக் கடைசிப் புள்ளிவரை கூட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது, சுத்தியலால் தட்டினால் பற்று முழுசாகக் கழன்று வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் சுத்தியலை வீசி எறிந்தேன்.

அப்போதுதான் என் மனைவி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். "இந்த ஒரு ராடை முடிச்சிட்டு வாரேன்" என்று உரசினேன். அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம். இரும்பு இளகி இரும்போடு கலந்தது. அதே ராடு, அதே கை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு மறுபடி வைத்தால் ராடு பழையபடி ஒட்டிக்கொண்டது. பெயிண்டர்கள் புது வீட்டு நடையில் எரியவிட்டுப் போயிருந்த பல்பை அவள் காட்டினாள்.

"சாப்பாட்டுக்குத் தறி நின்னப்ப இது பளிச்சுனு எரிஞ்சுது. இப்ப தறி ஓடுது, இது அழுது வடியுது. பல்புக்கே கரண்டு பத்தல. உங்க மிஷினுக்கு மட்டும் மாப்பிள்ளை விருந்தா?"

வெட்கமாகப் போய்விட்டது. நாலு நாளாக ராடை வைதேன், கிளிப்பை வைதேன். கரண்டை வைத்துப் பிழைக்கிறவன் கண்ணெதிரே எரிந்த பல்பைப் பார்க்கவில்லை.

நேரே தறிக்கூடத்துக்குப் போனேன். "அண்ணாச்சி, ஒரு மணி நேரம் தறியை நிறுத்தணும்."

"ஒரு கேட்டுக்காக முப்பது தறியும் நிக்கணுமா? கிறுக்குப் பிடிச்சிருக்கா வே?"

"உங்க தறிதான் கரண்டைப் பூரா இழுக்குது. என் மிஷினுக்கு மிஞ்சல."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பூராத்தையுமா? நம்ம தறியா இழுக்குது?" நெசவாளிகள் காதில் விழும்படி என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அவரே போய்த் தறிகளின் மெயின் சுவிட்சை அமர்த்தினார். நான் பழைய பற்றைச் செதுக்கி எடுத்துவிட்டு எல்லாக் கீலையும் புதிதாகப் பற்றவைத்தேன்.

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. ஆனால் வந்தவர்கள் எல்லாம் கேட்டைத் தொடாமல் ஒதுங்கி ஒதுங்கித்தான் உள்ளே போனார்கள். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டின் அடிக்கம்பியில் ஏறி நின்றுவிட்டார்.

"விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம். தள்ளும் வே!"

மெதுவாகத் தள்ளினேன். அந்தப் பெரிய உடம்பு அரைவட்டம் போய்த் திரும்பி வந்தது. கேட்டு முனகக்கூட இல்லை. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

"இன்னொரு தரம் தள்ளும்" என்றார்.

மதுரை முதலாளியை மனதில் நினைத்துக்கொண்டு இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகவே தள்ளினேன்.