தை மாதத்துச் சுடுதண்ணீர்

கொட்டகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குளிரைப் பற்றி யாரும் குறைப்பட மாட்டார்கள். மழை, அட்டை மாதிரி அதுவும் ஒன்று. வீட்டுக்கு வீடு பின்பக்கத்தில் குளிக்க வெந்நீர் அடுப்பு எரியும். அதற்கு விறகு காட்டிலிருந்து வரும். வெட்ட வெட்டக் காடு மேலே ஏறிக்கொண்டே போனது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், அந்த அடுப்பே வேண்டாம், தோட்டம் முழுவதற்கும் சூடு கொடுக்கிறோம் என்று ஒரு திட்டம் வந்தது.

நல்ல திட்டம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே கொழுந்து காய வைக்கும் சூட்டில் பாதி புகைக்கூண்டு வழியாக வீணாகப் போகிறது. அதில் தண்ணீரைச் சுட வைத்துக் குழாயில் எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயங்களுக்கு, அனுப்புவது. ஸ்டோரில் எரிப்பது நட்டு வளர்த்த விறகு, வெட்டிய இடத்தில் மறுபடி நடுவார்கள், ஆகவே காற்றில் கரி அதிகமாகாது என்று யாழ்ப்பாணத்து இன்ஜினியர் ஒருவர் படம் போட்டு விளக்கினார். பதிலுக்கு நாங்கள் வெந்நீர் அடுப்புகளை உடைத்துவிட வேண்டும், காட்டுப் பக்கம் போகக் கூடாது. சமையலுக்குத் தோட்டம் கொடுக்கும் விறகில் சோறு வேகும், அவ்வளவுதான்.

பிள்ளைக்காம்பராவில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நாலு எழுத்து தெரியும் என்பதால் திட்டக் கமிட்டியில் என்னையும் போட்டார்கள். போய் உட்கார்ந்தால், பேச்செல்லாம் முதல் குழாய் எந்த லயத்துக்கு என்பதுதான். திருவிழாவில் கோயில் மரியாதையாக முதல் காளாஞ்சி யாருக்கு என்று மல்லுக்கு நிற்கிற ஆட்கள் சுடுதண்ணீரை மட்டும் விடுவார்களா? மேட்டு லயத்துத் தலைவர் ஒரு பக்கம், கீழே பணிய லயத்துத் தலைவர் ஒரு பக்கம். குழாய் எந்த வழியாக வருகிறதோ அந்த லயத்துக்குத்தான் முதல் தண்ணீர் என்று சொல்லிச் சொல்லி இன்ஜினியர் ஓய்ந்துபோனார். கூட்டம் கூட்டமாக இதிலேயே போனது.

என் தங்கச்சிக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். ஒரு நாள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, தை மாசம் ஸ்டோர் தெனமும் ஓடுமா?"

"ஏன்டி?"

"கொழுந்தே இருக்காதே. எதைக் காய வைப்பாங்க?"

குளிர் கூடிய மாதத்தில்தான் எங்களுக்குக் கொழுந்து குறைவு. ஸ்டோர் ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் கிடக்கும். தோட்டத்தில் இது தெரியாதவர் இல்லை. காளாஞ்சிச் சண்டையில் யார் வாயிலும் வரவில்லை, அவ்வளவுதான். தங்கச்சிக்குத் தையில்தான் பிள்ளை. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம், நாள் தப்பக் கூடாது. மூத்த பிள்ளையைப் பெற்றபோது ஜன்னி கண்டு மறுபிறவி எடுத்தவள் அவள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த கூட்டத்துக்குத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். இன்ஜினியர் தான் போட்ட படத்தை மறுபடி ஒரு தரம் பார்த்தார். பிறகு, "ஸ்டோர் ஓடாத நாளிலை ஆருக்குச் சுடுதண்ணி கட்டாயம் வேணும்? கையை உயர்த்துங்கோ" என்றார்.

"நாங்கெல்லாம் பச்சத்தண்ணியில குளிக்கிற ஆளுங்க சார்" என்றார் மேட்டு லயத்துத் தலைவர். ஆண்கள் பக்கம் சிரிப்பு. பெண்கள் தலை நிமிரவில்லை. கை தூக்கினால் வீட்டுக்குத் தூரம், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் ஆம்பிளைகள் நடுவில் சொன்ன மாதிரி ஆகிவிடும். தோட்டத்தில் முக்கால்வாசி வேலை செய்கிறவர்கள் இப்படி வாயடைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கச்சி வயிற்றைப் பிடித்தபடி எழுந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் புருஷன் உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"எனக்கு வேணுங்க. தையில எனக்குப் புள்ள பொறக்கும். ஸ்டோர் ஓடலைன்னு நான் குளிக்காம இருக்க ஏலாது."

யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் தான் போட்ட படத்தைச் சுருட்டி வைத்தார். கடைசியில் லயத்துக்கு ஒரு வெந்நீர் அடுப்பு உடைக்காமல் இருக்கட்டும் என்று முடிவானது. அதற்கும் காட்டு மரம் இல்லை, கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி, மிலாறு மட்டும். எங்கள் மேட்டு லயத்தில் அந்த அடுப்பு தங்கச்சி வீட்டுப் பின்பக்கம் நின்றது; குழாய் வந்ததும் மற்றதையெல்லாம் உடைத்தாயிற்று.

தையில் பெண் பிள்ளை பிறந்தது. புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி கிடந்த ஒரு காலை, ஸ்டோரில் சத்தமே இல்லை. குழாயைத் திறந்தால் கை விறைத்தது. மிலாறைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு விளாவித் தங்கச்சிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். மறைப்புக்கு அந்தப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மேட்டு லயத்துத் தலைவரும் இன்னும் நாலைந்து ஆம்பிளைகளும் துண்டைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

"யாரு அக்கா?"

சொன்னேன்.

தங்கச்சி முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, வெளியே கேட்கும்படியே சொன்னாள்: "அவங்கள்ல யாருக்குப் புள்ள பொறந்திருக்குன்னு கேளுங்க அக்கா."

அவள் குளித்து முடிக்கும்வரை நான் யாருக்கும் ஒரு செம்பு கொடுக்கவில்லை.