டாலருக்குள் இருந்தவள்

உஷாராணி எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்காமல் நம்பமாட்டாள். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிற வேலை. கீறல் விழுந்த முட்டை அவள் கையைத் தாண்டி அட்டைக்குப் போகாது. வீட்டிலும் அதே கண்தான்.

அவள் கணவன் நாச்சிமுத்து போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டான். கல்யாணமான நாளிலிருந்து பூவைத் தவிர அவன் ஆசையாய் வாங்கி வந்தது எதுவுமில்லை. அப்படிப்பட்டவன் இந்தமுறை ராஜஸ்தானிலிருந்து வந்ததும், இதய வடிவத்தில் ஒரு வெள்ளி டாலரை எடுத்து நீட்டினான். ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

"உனக்குத்தான் புள்ள. பழைய காலத்துச் சாமான். ஆசப்பட்டவங்களுக்கு அப்பல்லாம் இதத்தான் குடுப்பாங்களாம்."

"யாருங்க சொன்னா?"

"கடக்காரந்தான்."

சொல்லும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கமா, திருட்டுத்தனமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. புதுசு கிடைக்காமலா பழசு வாங்கினான்? யார் கழுத்தில் கிடந்ததோ? அவன் குளிக்கப் போனதும் செல்போனைத் துழாவினாள். ரிக் முதலாளியும் டீசல்காரரும் தவிர யாருமில்லை. அழித்திருப்பானோ என்று சந்தேகம் இன்னும் கூடியது.

மறுநாள் திருநீறு போட்டுத் தேய்க்கும்போது டாலரின் விளிம்பில் நகம் மாட்டி, அது பட்டென்று இரண்டாகத் திறந்தது. உள்ளே விரல்நுனி அளவில் ஒரு பெண்ணின் படம். பழுப்பேறிப் போய், மூக்குத்தியும் பெரிய கண்களும் மட்டும் தெரிந்தன. உஷாராணி டாலரை மூடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கணவனிடம் மூச்சுவிடவில்லை. நேரே கடைவீதிக்குப் போய், ஸ்டுடியோ வைத்திருக்கும் ரஞ்சனியிடம் கொடுத்தாள்.

"இவளுக்கு என்ன வயசிருக்கும், பெருசு பண்ணிப் பாரு சாமி."

ரஞ்சனி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தாள். "இப்ப உசுரோட இருந்தா நூறத் தாண்டியிருக்குமுங்கக்கா. இந்த மாதிரிப் போட்டோவெல்லாம் அந்தக் காலம்."

உஷாராணிக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் டாலரைத் திறந்து காட்டினாள். அவன் சோற்றுக்கையோடு எழுந்துவிட்டான்.

"அட, இது தொறக்குமா? ஆரு இந்தப் பொம்பள?"

அந்த முழிப்பைப் பார்த்ததும் பாதிச் சந்தேகம் போய்விட்டது.

"அத எடுத்துட்டு என் போட்டோவ வெச்சுக்க புள்ள."

"வேண்டாமுங்க, அவ இருந்துட்டுப் போகட்டும்" என்று டாலரைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ரிக் வண்டி மறுபடி கிளம்பியபோது நாச்சிமுத்து, "போயிட்டு வாரேன்" என்றான்.

"சரிங்க. இனி ஊட்டுக்கு எதாச்சும் வாங்கறதுன்னா, கடையில நின்னு வீடியோ கால் போடுங்க" என்றாள் உஷாராணி.