வண்டியூரில் பெய்த மழை

மேலூர்ப் பக்கத்துக் கால்பந்து அணி ஒன்றின் தீவிர ரசிகன் நான். இந்த சீசனில் மழையால் ஆட்டங்கள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன. கடைசி ஆட்டம் சோழவந்தானில். அன்று வண்டியூரில் என் வீட்டு வாசலில் மழை கொட்டித் தீர்த்தது. யாரையும் கேட்காமல், ஆட்டக்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "இன்னைக்கும் மேட்ச் இல்ல" என்று போட்டுவிட்டேன்.

மைதானத்திலிருந்து கேப்டன் போன் செய்தார். "அண்ணே, இங்க நல்ல வெயிலுண்ணே. உங்க மெசேஜைப் பாத்துட்டுப் பாதிப் பேரு வீட்டுக்குத் திரும்பிட்டாய்ங்க."

ஆள் குறைந்ததால் எதிரணிக்கே வெற்றி கொடுத்தார்கள். அந்த ஒரு தோல்வியால் எங்கள் அணி லீக்கின் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, அடுத்த வருசம் ஏறிருவோம்" என்றார் கேப்டன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கூனிக் குறுகிப் போனேன்.

இப்போதெல்லாம் மைதானத்தில் போய் நின்று பார்க்காமல் ஒரு வரிகூடப் போடுவதில்லை.

– பெயர் சொல்லக் கூசும் ஒரு வாசகர், மதுரை