அக்காவிடம் வாங்காத மூன்று ரூபாய்

டெல்லி ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டிக்கு முன்பதிவு செய்யும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என் கையிலிருந்த படிவக் கத்தையைப் பார்த்துவிட்டு, "கித்னா லேதே ஹோ?" என்றார். எவ்வளவு வாங்குகிறாய் என்று. ஒன்றும் வாங்குவதில்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

யோசனை அங்கேதான் பளிச்சென்று வந்தது. பி.ஏ. முடித்த கையோடு ஜன்பத் பக்கம் ஓர் ஒற்றை அறை டிராவல் ஏஜென்சியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. விமான டிக்கெட் எழுதினால் விமானக் கம்பெனியே கமிஷன் தந்துவிடும். ரயிலுக்கு ஒரு பைசா கிடையாது. ஆனால் பாதி நாள் நான் நிற்பதோ ரயில் வரிசையில். நின்ற காலுக்குக் கூலி கேட்டால் என்ன தப்பு? அன்று சாயங்காலமே முதலாளியிடம் மூச்சுவிடாமல் கொட்டினேன்: படிவத்துக்கு மூன்று ரூபாய். "கர் லோ, பேட்டா" என்றார், தலையை நிமிர்த்தாமல். செய்துகொள் மகனே என்று.

மே மாத லீவுக்கு ஊருக்குப் போகாத தமிழ்க் குடும்பம் சரோஜினி நகரில் ஏது? எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்தே ஒரு வாரத்தில் பதினாறு படிவம் சேர்ந்தது. கீழ் வீட்டு செக்ஷன் ஆபீசர் மாமா மட்டும், "நம்மாளுக்கே சார்ஜா? தரகர் வேலைல எறங்கிட்டியா?" என்று அலுத்துக்கொண்டே கொடுத்தார். கொடுத்த மறுநாளிலிருந்து நான் சைக்கிளை நிறுத்தும் நேரத்துக்குச் சரியாகப் படியில் நின்றார். "என்னப்பா, நம்ம டிக்கெட் ஆச்சா? மூணு ரூபா குடுத்திருக்கேன், ஞாபகம் இருக்கில்ல?"

நர்ஸ் அக்காவிடம் மட்டும் நான் வாங்கவில்லை. அடுத்த பிளாக்கில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி; டூட்டிக்குப் போகிற வழியில் தினமும் காலையில் ஊசி போட்டுவிட்டுப் போவார். காசு என்று பேச்செடுத்தால் முறைப்பார். அவருடைய மகள் பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தாள். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை. மாதா கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள்.

"எட்டு வயசுப் பிள்ளை, தம்பி. 'நீ வரலன்னா நான் கோயிலுக்கே போமாட்டேன்'னு எழுதியிருக்கா" என்றபடி மூன்று ரூபாயை நீட்டினார்.

"உங்ககிட்டப் போயா அக்கா? உள்ள வைங்க" என்றேன். சொல்லும்போது எவ்வளவு பெருமையாக இருந்தது!

கவுண்டரில் ஒரு தடவைக்கு இரண்டு படிவம்தான் வாங்குவார்கள். மற்றதற்கு மறுபடியும் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். ஒரு நாளில் நாலு முடிந்தால் பெரிய காரியம். எதை முதலில் நீட்டுவது? காசு கொடுத்தவர்கள் கேட்பார்கள். மாமா படியில் நிற்பார். அக்கா கேட்க மாட்டார். அவருடைய படிவம் அடியில் போயிற்று. தெரியாமல் நடந்தது என்று எழுதிவிடலாம்தான். ஆனால் நான்கு நாளும் அதை அடியில் வைத்தது இந்தக் கைதான்.

ஐந்தாம் நாள் குமாஸ்தா பெரிய ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "ஃபுல். ஆகே படோ" என்று நகரச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் சேர்க்கிற எந்த வண்டியிலும் இடமில்லை.

அதைவிடக் கேவலம், அதை நான் இரண்டு வாரம் சொல்லவில்லை. யாராவது ரத்து செய்ய மாட்டார்களா என்று தினமும் கவுண்டரில் எட்டிப் பார்த்தேன். அக்கா வருவார், ஊசி போடுவார், டிக்கெட்டைப் பற்றி வாய் திறக்காமல் போவார். ஒருநாள், மகளின் ஃபிராக்கில் தைக்க மார்க்கெட்டில் வாங்கிய வெள்ளை லேஸை அம்மாவிடம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. சொன்னேன்.

"கெடைக்கலியா? சரி, நீ என்ன செய்வ பாவம். அலைஞ்சிருப்ப" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

முன்பதிவில்லாத பெட்டியில் கிளம்பினார். முதல் நாள் கூட்டத்தில் ஏறவே முடியாமல் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தார். மறுநாள் எப்படியோ ஏறிவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை.

ஜூனில் திரும்பியவர், முதல் காலையிலேயே ஊசி போட வந்தார். அம்மாவிடம் ஒரு போட்டோ காட்டினார். கையில் மெழுகுவர்த்தியோடு வெள்ளை ஃபிராக்கில் அந்தப் பிள்ளை. ஃபிராக்கில் லேஸ் இல்லை.

"அக்கா, உங்க படிவத்த நான்தான் அடியில வச்சேன்" என்றேன்.

ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தெரியும்லா. ரெண்டே நாள்ல கெடச்சுதுன்னு கீழ் வீட்டு மாமா சொன்னாவ. அன்னைக்கே கேக்கணும்னுதான் வந்தேன். சும்மா செய்யுற பிள்ளைட்ட எப்படிக் கேக்க? துட்டு குடுத்திருந்தா உன் சட்டையப் பிடிச்சிருப்பேன்."

"அதான் அக்கா, இனிமே எல்லார்கிட்டயும் வாங்கிடறேன்" என்று அவசரமாக ஆரம்பித்தேன். கட்டணம், உரிமை என்று ஏதேதோ விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பஞ்சை அம்மாவின் கையில் அழுத்தியபடி ஒன்றுதான் கேட்டார்.

"இங்க ஊசி சும்மாதான் போடுதேன். ஒரு நாள் தவறியிருக்கா? ஊருக்குப் போனப்பக்கூட டிஸ்பென்சரி கம்பவுண்டர்ட்ட சொல்லிட்டுத்தான போனேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

கட்டணம் வாங்கலாமா கூடாதா என்று முதலாளியிடம் இப்போதும் மணிக்கணக்கில் வாதாடுவேன். வாங்கலாம் என்பதுதான் என் கட்சி. கொடுத்தவருக்குக் கேட்கிற வாய் வருகிறது. ஆனால் கேட்காதவரை அடியில் வைத்தது நான். அதற்கும் மூன்று ரூபாய்க்கும் சம்பந்தமில்லை.

டிசம்பர் விடுமுறை முன்பதிவு நாளை திறக்கிறது. அக்காவிடம் நானே போய் மூன்று ரூபாய் கேட்டு வாங்கினேன். "இனி தெனமும் கேப்பேன், பாத்துக்கோ" என்றார். படிவங்களுக்கு வந்த வரிசைப்படி எண் போட்டிருக்கிறேன். நான் முதலில் கேட்கப் போனது அங்கே என்பதால் அவருடையது ஒன்று. மாமாவுடையது ஏழு. அவர் படியில் நிற்பார், நிற்கட்டும். எவருக்குக் கிடைக்காவிட்டாலும் அன்று மாலையே வீட்டுக்குப் போய், முகத்தைப் பார்த்துச் சொல்லி, காசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதை எத்தனை நாள் காப்பாற்றுகிறேன் என்று பார்க்க வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தால் வரிசையில் பத்துப் பேருக்குள் நின்றுவிடலாம்.