கிறகரி எழுதிய நினைவு மலர்

தாழ்வுபாட்டு உப தபால் கந்தோரில் நான் முத்திரை குத்திய காலத்தில், கிறகரியின் சிறுகதைகள் கொழும்புக்குப் போனதையும் திரும்பி வந்ததையும் என்னளவுக்கு அறிந்தவர் வேறு ஒருவரும் இல்லை. பதினெட்டு வருடத்தில் அச்சில் வந்தவை இரண்டே இரண்டு. அதிலும் ஒன்றின் முடிவைப் பத்திரிகைக்காரர் மாற்றிவிட்டார். அந்த வாரம் முழுக்க கிறகரி யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மீன்பிடிச் சங்கத்தில் அவர் எழுதுவினைஞர். கருவாடு சுற்றக் கொண்டுவரும் பழைய வாரப் பத்திரிகைகளைப் பொறுக்கி வாசித்துத்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பாதிக் கதை கையில் இருக்கும், மீதி யாருடைய கருவாட்டோடோ போயிருக்கும். மீதியைத் தானே எழுதிப் பார்த்தார். பிறகு முழுதாகவே எழுதத் தொடங்கினார்.

ஊரில் ஒருவரும் அவற்றை வாசிக்கவில்லை. ஊருக்கு அவரிடம் வேண்டியிருந்தது, செத்தவரின் முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கொடுக்கும் நினைவு மலரில் ஒரு வாழ்க்கை வரலாறு. பாசமிகு தந்தை, இறைபக்தர், ஏழைகளின் தோழன். குடித்துவிட்டு அயலவன் வேலியைப் பிடுங்கியவனும் அதில் ஏழைகளின் தோழன்தான். யாராவது படுக்கையில் விழுந்தால் பங்குச் சுவாமிக்கு அடுத்ததாக இவரைத்தான் நினைப்பார்கள்.

அப்போதுதான் வலையும் வள்ளமும் வைத்திருந்த யாகப்பர் இறந்தார். அவரும் மனைவி றோசம்மாவும் ஒரே கூரையின் கீழ் பதினொரு வருடம் பேசாமல் இருந்தவர்கள். பெண்சாதிக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் வேலியோரம் வந்து நிற்கும் கழுதையிடம் சொல்வார். இன்றைக்குச் சோளகக் காற்றுப் பலம், தொழிலுக்குப் போகவில்லை என்று கழுதைக்குச் சொன்னால், குசினியில் றோசம்மா அக்கா ஒரு சுண்டு அரிசி கூடப் போடுவார். தலைவலி என்று கழுதைக்குச் சொன்னால் கொத்தமல்லி அவிந்து வாசலுக்கு வரும்.

நினைவு மலர் எழுதித் தரும்படி றோசம்மா அக்கா வந்து கேட்டபோது, கிறகரி இந்த முறை பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்தார். கழுதையும் கொத்தமல்லியுமாக உள்ளதை உள்ளபடி எழுதினார். நாலு பக்கம். கந்தோருக்குக் கொண்டுவந்து காட்டினார். அவர் எழுதியதிலேயே நல்ல கதை அதுதான். மலரில் வந்தால் ஊர் முழுக்க வாசித்தே தீரவேண்டும் என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

அக்காவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆகவே கிறகரி போய் வாசித்துக் காட்டினார். கழுதை வரும் இடத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

"தம்பி, ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனா ஊர் சிரிக்கும். மலருக்கு மற்ற ஆக்களுக்கு எழுதுற மாதிரி எழுதித் தாங்கோ" என்றார். தாள்களை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பேரை மாற்றிக் கொழும்புக்காவது அனுப்புகிறேன், தாருங்கள் என்று கிறகரி கெஞ்சினார். பிரதி எடுத்து வைக்காத மடத்தனம் அவருடையதுதான். அக்கா அசையவில்லை.

"அவர் என்னோட கதைச்சது இதில மட்டுந்தான் கிடக்கு. தரமாட்டன்" என்றார்.

கிறகரி என் மேசையருகில் நின்றபடியே கால் மணித்தியாலத்தில் வழக்கமான பாசமிகு கணவரை எழுதிக் கொடுத்தார். பூசையன்று அதை வாசித்த சனம் அழுதது. இந்த முறைதான் நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று நாலைந்து பேர் கையைப் பிடித்தும் சொன்னார்கள். பூட்டுப்பட்ட கதையை அவர் மூன்று தரம் திரும்ப எழுதிப் பார்த்தார். சம்பவம் வந்தது, கதை வரவில்லை.

ஆனால் கிழமைக்கு இரண்டு தரம் றோசம்மா அக்கா ஆள் அனுப்புவார். இவர் போவார். அலுமாரி திறபடும், வாசித்து முடிந்ததும் பூட்டுப்படும். பிரதி பண்ணிவிடுவார் என்று, பேனையைச் சட்டைப் பையில் இருந்து எடுக்கவும் அக்கா விடமாட்டார்.

ஒருநாள் கிறகரி என்னிடம் வெடித்தார்.

"பதினெட்டு வருசமா வாசிக்க ஒரு ஆளைத் தேடினன். கிடைச்ச ஒரேயொரு ஆளுக்கும் நான்தான் வாசிச்சுக் காட்ட வேண்டிக் கிடக்கு."

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். றோசம்மா அக்கா வீட்டுப் பக்கம்தான் போனார்.