ஸ்டாப் வந்தால் கண்மூடும் அக்கா

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் அந்த அக்கா என் பக்கத்தில் உட்காருவார். பெரிய பொட்டு, மடியில் டிபன் பை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். பக்தி என்றே நினைத்திருந்தேன்.

பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய எனக்கு, தும்மினாலும் சிரித்தாலும் காலைப் பின்னிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் கவனித்துவிட்டார்.

"ஒண்ணுக்குக் கசியுதா கண்ணு?" என்றார் காதோரம்.

அழுகையே வந்துவிட்டது. தலையாட்டினேன்.

"எனக்கும் இருந்துச்சு. ஒண்ணுக்க அடக்கற மாதிரி இறுக்கிப் புடிச்சு, அஞ்சு எண்ணிட்டு வுடு. நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க. ஸ்டாப்புக்கு ஸ்டாப் செஞ்சா மறக்காது."

சில மாதங்களில் எனக்குச் சரியானது. அவர் வேறு ஷிப்டுக்கு மாறிவிட்டார். அக்கா என்றே கூப்பிட்டதால் பெயர் தெரியாது.

இப்போது ஸ்டாப்புக்கு ஸ்டாப் நான் கண்மூடுகிறேன். பஸ்ஸில் என்னைச் சாமியம்மா என்கிறார்கள். கேட்டு வாய்விட்டுச் சிரிக்கிறேன், பயமில்லாமல்.